குழந்தைப்பேறு சிகிச்சையில் சட்டமும் மதமும் அரசியலும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் சட்ட உதவித் தன்னார்வலராக முகாம்களுக்குப் போய்வருகிறேன். பட்டா, ஜீவனாம்சம், பி.எஃப். பாக்கி என்று பேச்சு ஓடும். கூட்டம் கலைந்த பிறகு யாராவது ஒரு பெண் ஓரமாக வந்து நின்று, "அக்கா, ஒரு விஷயம் கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்துவார். பெரும்பாலும் அது குழந்தை பற்றிய கேள்வியாக இருக்கும். அப்படி வந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எந்த ஊசி என்பதையெல்லாம் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

குழந்தை இல்லாதது எங்கள் வீட்டுப் பிரச்சினை. இதில் அரசியலுக்கு என்ன வேலை?

சிகிச்சை யாருக்குக் கிடைக்கும், எந்த வயது வரை கிடைக்கும், கருமுட்டை தானம் வாங்கலாமா, மிஞ்சிய கருவை உறையவைக்கலாமா என்று எல்லாவற்றையும் சட்டம்தான் சொல்கிறது. அந்தச் சட்டத்தை எழுதுகிறவர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் கட்சி இருக்கும், சில நாடுகளில் திருச்சபை இருக்கும், நம் நாட்டில் 'குடும்பப் பண்பாடு' என்ற சொல் இருக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டுக்கொள்கிற பெண், முட்டை கொடுக்கிற பெண், வயிற்றில் சுமக்கிற பெண், பிறக்கிற குழந்தை ஆகியோரைச் சட்டம் காக்க வேண்டும். யார் அம்மா ஆகத் தகுதியானவள் என்று அது தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

இந்தியாவில் இப்போது என்ன சட்டம் இருக்கிறது?

இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்குவது), ஐயூஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது), கருமுட்டை மற்றும் விந்தணு தானம் ஆகியவற்றுக்கான 2021-ம் ஆண்டு சட்டம். ஏஆர்டி சட்டம் என்பார்கள். இன்னொன்று, அதே ஆண்டு வந்த வாடகைத்தாய் சட்டம். இரண்டும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளன.

ஏஆர்டி சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் சிகிச்சை தரலாம். திருமணமாகாத பெண்ணும் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. தனி ஆணுக்கு அனுமதி இல்லை, ஒரே பாலினத் தம்பதிக்கும் இல்லை. தானமாகப் பெற்ற முட்டையிலோ விந்தணுவிலோ பிறந்தாலும், குழந்தை சட்டப்படி சிகிச்சை எடுத்த தம்பதியின் சொந்தக் குழந்தைதான். கொடுத்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

வாடகைத்தாய் சட்டம் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

இங்கேதான் மருத்துவத்தைத் தாண்டி ஒழுக்கப் பார்வை நுழைந்தது. 2016 ஆகஸ்டில் மசோதாவை அறிவித்தபோது அமைச்சர் சுஷ்மா சுவராஜ், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வோருக்கும் ஒரே பாலினத்தவருக்கும் இதில் இடமில்லை, அது நம் பண்பாட்டோடு ஒத்துப்போகாது என்று வெளிப்படையாகவே சொன்னார். திருமணமாகி ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், நெருங்கிய உறவுப் பெண்தான் சுமக்க வேண்டும், பணம் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் அந்த மசோதாவில் இருந்தது.

2017-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஏற்கவில்லை. சுமக்கிற பெண்ணுக்கு உரிய இழப்பீடு தர வேண்டும், விதவைகளையும் விவாகரத்தானவர்களையும் சேர்ந்து வாழ்வோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு மாநிலங்களவையின் தெரிவுக்குழு ஒன்று 2020-ல் 'நெருங்கிய உறவு' என்பதை எடுத்துவிட்டு 'விருப்பமுள்ள பெண்' என்று மாற்றச் சொன்னது. விதவைக்கும் விவாகரத்தான பெண்ணுக்கும் 35 முதல் 45 வயது வரை வழி கிடைத்தது. இழப்பீடு என்ற பேச்சு மட்டும் காணாமல் போய்விட்டது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் போக, சுமப்பவளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் அது வணிக வாடகைத்தாய் முறை ஆகிவிடும். அதற்குப் பத்தாண்டு வரை சிறை.

பத்து மாதம் சுமந்து பெற்றுக் கொடுக்கிற பெண் தியாகம் என்று சொல்லி வெறுங்கையோடு போக வேண்டும். அதே சிகிச்சையில் மருத்துவர், வக்கீல், காப்பீட்டு நிறுவனம் எல்லோருக்கும் கட்டணம் உண்டு. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கல்யாணம் ஆகாதவள் நான். கர்ப்பப்பையில் கோளாறு. வாடகைத்தாய் மூலம் பெற்றுக்கொள்ளலாமா?

இப்போதைய சட்டப்படி முடியாது. திருமணமாகாத பெண் ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2024 பிப்ரவரியில் அந்த வழக்கைக் கேட்ட அமர்வு, திருமணம் என்ற அமைப்பைக் காக்க வேண்டும் என்ற தொனியில்தான் பேசியது. ஆனால் அதே தனிப் பெண் சட்டப்படி ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம். வளர்க்க நம்புகிற அரசு பெற நம்பவில்லை. இந்த முரணுக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

கோர்ட்டுக்குப் போனால் ஏதாவது மாறுமா?

மாறியிருக்கிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு விதியைத் திருத்தி, வாடகைத்தாய் முறையில் முட்டையும் விந்தணுவும் அந்தத் தம்பதியுடையதாகவே இருக்க வேண்டும் என்றது. பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாத, முட்டையும் உருவாகாத ஒரு பெண் வழக்குப் போட்டார். தானமுட்டையும் கூடாது என்றால் அவருக்குக் கதவே மூடிவிடுகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு மட்டும் விதியை நிறுத்திவைத்தது. அடுத்தடுத்து மனுக்கள் குவிந்தன. 2024 பிப்ரவரியில் அரசே திருத்தியது: மாவட்ட மருத்துவ வாரியம் சான்று தந்தால், இரண்டில் ஒன்று தானமாக இருக்கலாம். விதவைக்கும் விவாகரத்தானவருக்கும் இந்தச் சலுகை வரவில்லை. அவர்கள் தங்கள் முட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

2025 அக்டோபரில் இன்னொரு நல்ல தீர்ப்பு வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறையவைத்து வாடகைத்தாய் முறையைத் தொடங்கிவிட்ட தம்பதிகளுக்கு வயது வரம்பைக் காட்டித் தடுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அதுவரை அவர்கள் காத்திருந்த காலத்தை யாரும் திருப்பித் தர முடியாதுதான்.

எங்கள் பங்குத் தந்தை ஐவிஎஃப் பாவம் என்கிறார். சட்டப்படி எனக்குத் தடை உண்டா?

சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ஃபாதர் சொல்வது கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரப்பூர்வப் போதனை. 1987-ல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், கருத்தரிப்பு தம்பதியரின் உறவிலிருந்தே வர வேண்டும், ஆய்வகத்தில் நடக்கக் கூடாது, கருக்கள் வீணாவதை ஏற்க முடியாது என்றது. வாடகைத்தாய் முறையை உலகம் முழுவதும் தடைசெய்ய வேண்டும் என்று 2024 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார்.

ஆனால் அதே போதனை எல்லாச் சிகிச்சையையும் மறுப்பதில்லை. பரிசோதனைகள், முட்டை வளர மருந்து, கருக்குழாய் அடைப்பை நீக்கும் அறுவை போன்றவற்றுக்குத் தடை கிடையாது. ஐவிஎஃப் மூலம் பிறந்த குழந்தையையும் கடவுளின் கொடையாக ஏற்க வேண்டும் என்று அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கண்ணீரோடு வருகிற பெண்களிடம் இந்தக் கடைசி வரியை நான் தவறாமல் சொல்வேன். "உன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடைக்காது" என்று பயமுறுத்துகிறவர்கள் அதைப் படித்ததில்லை.

புராட்டஸ்டண்ட் சபைகளில் பல, கணவன் மனைவிக்குள் நடக்கும் ஐவிஎஃப் சிகிச்சையை ஏற்கின்றன. மனசாட்சிக்கு ஒப்பவில்லை என்று நீங்களே விலகினால் அது உங்கள் உரிமை. அதே நம்பிக்கையைச் சட்டமாக்கி, பக்கத்து வீட்டுக்காரி மீதும் சுமத்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

முஸ்லிம் தம்பதிக்கு?

1980-லேயே எகிப்தின் அல்-அஸ்ஹர் என்ற சன்னி மதக் கல்வி மையம், கணவன் மனைவிக்குள் ஐவிஎஃப் கூடும், மூன்றாம் நபரின் முட்டையோ விந்தணுவோ கூடாது என்று ஃபத்வா (மதத் தீர்ப்பு) தந்தது. சன்னி உலகில் பெரும்பாலும் இதுதான் வழி. ஈரானில் ஷியா மதத் தலைவர் காமனெயி 1999-ல் தானத்தை அனுமதித்தார். 2003-ல் அங்கே கருவைத் தானம் தருவதற்குத் தனிச் சட்டமே வந்தது. ஒரே மதத்துக்குள்ளேயே இப்படி இரண்டு தீர்ப்பு இருக்கும்போது, எதை நாட்டுச் சட்டமாக்குவது?

டோனர் எந்தச் சாதி என்று மாமியார் கேட்கிறார். சொல்வார்களா?

இந்தக் கேள்வி வராத முகாமே இல்லை. இந்து வீடுகளில் ஐவிஎஃப் சிகிச்சையைத் தடுக்கும் மதத் தலைமை என்று ஒன்று கிடையாது. கோயிலில் தொட்டிலும் கட்டுவார்கள், கோயம்புத்தூரில் ஸ்கேனும் எடுப்பார்கள், ஒன்று மற்றதைத் தடுக்காது. அங்கே தலையிடுவது சாதி.

தானம் தருபவரின் அடையாளம் ரகசியம் என்கிறது சட்டம். பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் முட்டையும் விந்தணுவும் வர வேண்டும். ஒருவருடைய தானம் ஒரு தம்பதிக்கு மேல் போகக் கூடாது. எந்தச் சாதி என்று கேட்க உங்களுக்கும் உரிமை இல்லை, சொல்ல மையத்துக்கும் உரிமை இல்லை. "நம்ம ஆளுங்கதான், கவலைப்படாதீங்க" என்று ஒரு மையம் காதில் ஓதினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தை ஒரு இடத்தில் மீறுகிறவர்கள் வேறு இடத்திலும் மீறுவார்கள்.

இரத்தம்தான் எல்லாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம், நம் மலையிலேயே இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்வேன். தோடர் பழங்குடியினரிடம் கர்ப்பிணிக்கு வில் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. புல்லும் மரக்குச்சியும் கொண்டு செய்த சிறிய வில்லையும் அம்பையும் ஒருவர் அவள் கையில் கொடுப்பார். அப்படிக் கொடுத்தவர்தான் குழந்தையின் தந்தை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த மானிடவியலாளர் ரிவர்ஸ் இதை விரிவாகப் பதிவு செய்தார்: பெற்ற உறவு எதுவாக இருந்தாலும், ஊரறிய வில் கொடுத்தவருக்கே தந்தை என்ற இடம். 'குழந்தை தம்பதியின் சொந்தக் குழந்தை' என்று 2021-ல் சட்டம் சொன்னதை, இந்தப் புல்வெளிகளில் வாழ்ந்தவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே ஒரு சடங்கில் வைத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

ஆண் குழந்தையாகப் பார்த்து வைக்கச் சொல்லலாமா?

கூடாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டமும் ஏஆர்டி சட்டமும் இரண்டுமே தடுக்கின்றன. சிறை உண்டு. இந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

வெளிநாட்டில் மதம் உண்மையிலேயே இந்தச் சட்டங்களை மாற்றியிருக்கிறதா?

நிறைய மாற்றியிருக்கிறது. இத்தாலியைப் பாருங்கள். 2004-ல் அங்கே கத்தோலிக்க அரசியல்வாதிகளின் ஆதரவோடு ஒரு சட்டம் வந்தது. ஒரு முறைக்கு மூன்று கருதான் உருவாக்கலாம், உருவாக்கிய அத்தனையையும் ஒரேயடியாகக் கர்ப்பப்பையில் வைக்க வேண்டும், உறையவைக்கக் கூடாது, தானம் கூடாது, மரபு நோய் இருக்கிறதா என்று கருவைச் சோதிக்கவும் கூடாது. வயதான பெண்ணுக்கு மூன்று போதாது. இளம் பெண்ணுக்கு மூன்றும் ஒட்டினால் மூன்று குழந்தைகள், தாய்க்கும் ஆபத்து. மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நாடாளுமன்றம் எண்ணைப் போட்டுவிட்டது.

2005 ஜூனில் அதை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஆயர்கள் தலைமை 'வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள்' என்று கேட்கவில்லை. 'ஓட்டுப் போடவே போகாதீர்கள்' என்று கேட்டது, ஏனென்றால் பாதிப் பேராவது வாக்களிக்காவிட்டால் வாக்கெடுப்பே செல்லாது. சுமார் 26 சதவீதம் பேர்தான் வந்தார்கள், சட்டம் அப்படியே நின்றது. வசதியானவர்கள் ஸ்பெயின் போனார்கள், வசதியில்லாதவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அரசமைப்பு நீதிமன்றம் 2009-ல் மூன்று கரு விதியையும், 2014-ல் தானத் தடையையும், 2015-ல் மரபு நோய்ச் சோதனைக்கான தடையையும் ஒவ்வொன்றாக நீக்கியது. 2004-ல் 38 வயதாக இருந்த பெண்ணுக்கு 2014-ல் 48 வயது.

கோஸ்டாரிகாவில் 2000-ல் அரசமைப்பு நீதிமன்றமே ஐவிஎஃப் முழுவதையும் தடைசெய்தது. 2012-ல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்த பிறகும், சிகிச்சை மீண்டும் தொடங்கச் சில ஆண்டுகள் ஆயின. போலந்தில் 2013-ல் தொடங்கிய அரசு நிதியுதவி, ஆட்சி மாறியதும் 2016-ல் நின்றது, மறுபடி ஆட்சி மாறி 2024 ஜூனில் திரும்பியது. அதே நோய், அதே மருந்து, தேர்தல் முடிவு மட்டும் வேறு.

அலபாமாவில் உறைந்த கருவைக் குழந்தை என்று சொன்னார்களாமே? இங்கேயும் வருமா?

அமெரிக்காவின் அந்த மாநிலத்தில், மருத்துவமனை ஒன்றின் கரு சேமிப்பு அறைக்குள் 2020-ல் ஒரு நோயாளி நுழைந்து, உறைந்த கருக்களைக் கையில் எடுத்து, குளிர் தாங்காமல் கீழே போட்டுவிட்டார். கருவை இழந்த தம்பதிகள் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், 1872-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி உறைந்த கருவும் குழந்தைதான் என்றது. தலைமை நீதிபதி தன் தனிக் கருத்தில் பைபிளை மேற்கோள் காட்டினார். கொலைப் பழி வருமோ என்று பயந்து பல மையங்கள் சிகிச்சையை நிறுத்தின. ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நின்றார்கள். எதிர்ப்பு வெடித்ததும் சில வாரங்களில், மார்ச் 6-ம் தேதி, மையங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

நம் சட்டம் கருவை ஆளாகக் கருதுவதில்லை. பத்தாண்டு வரை சேமிக்கலாம், அதன்பின் என்ன செய்வது என்பதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். எனவே இங்கே உடனடிப் பயம் இல்லை.

அப்படியானால் சட்டமே வேண்டாமா?

வேண்டும். 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை மறக்க முடியுமா? 16 வயதுச் சிறுமி. வயதை மாற்றிக் காட்டும் போலி ஆதார். வீட்டிலிருந்தவர்களே அவளைத் திரும்பத் திரும்பக் கருமுட்டை விற்க வைத்தார்கள். இன்றைய சட்டப்படி முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, ஓராண்டுக் காப்பீடு வேண்டும். இந்தக் கண்டிப்பு ஒரு உடலைக் காப்பதற்காக இருக்கிறது.

தேயிலை எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சீட்டுக் கடன், கந்துவட்டி என்று தவிக்கிற பெண்களிடம் புரோக்கர் வந்து "ஒண்ணும் ஆகாது, பத்து நாள் ஊசி, கை நிறையப் பணம்" என்று பேசினால், அது குற்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயப்படுத்தப்பட்ட பெண்ணைக் குற்றவாளி போல நடத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அரசு அறியாமையோடு தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய முயற்சியில் 1978 அக்டோபர் 3-ம் தேதி இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. உலகின் முதல் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. அவமானமும் இடமாற்றமும்தான் கிடைத்தன. 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்த விஞ்ஞானி ஆனந்த குமார் 1997-ல் உண்மையை வெளியே சொன்னார்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் தனிச் சிரமம் என்ன?

முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசி போட்டபின் 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்துவிட வேண்டும். தவறினால் அது தானாக வெளியேறிவிடும், அத்தனை நாள் ஊசியும் வீண். ஐப்பசி கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால், குன்னூர்க்காரர்கள் கோத்தகிரி வழியாகச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். கூடலூரிலிருந்து மைசூரு போகிறவர்களுக்குப் பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஊசி மருந்தை ஐஸ் பாக்கெட்டோடு தூக்குவாளியில் வைத்து, மேலே சோற்று டப்பாவை அடுக்கி எடுத்துப்போவார். கங்காணிக்குத் தெரிந்தால் லயன் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். மாலை எடை போட்டு முடிந்ததும் நர்ஸ் வீட்டுக்கு ஓடுவார்.

சட்டத்தில் ஒரு சான்றிதழ் கூடினால் இவருக்கு ஒரு பயணம் கூடும், ஒரு நாள் கூலி போகும். வாடகைத்தாய் முறை என்றால் மருத்துவ வாரியச் சான்று, மாஜிஸ்திரேட் உத்தரவு, தகுதிச் சான்று, காப்பீடு என்று வரிசையாக அலைய வேண்டும். பணக்காரர் ஆள் வைத்துச் செய்துகொள்வார். இத்தாலி மாதிரி கருவை உறையவைக்கத் தடை இங்கே வந்தால், ஒவ்வொரு முறையும் ஊசி முதல் மலைப்பாதை வரை எல்லாம் முதலிலிருந்து. அதனால்தான் எங்கோ நடக்கிற சட்டச் சண்டையை இங்கே உட்கார்ந்து இவ்வளவு பேசுகிறேன்.

தேர்தல் நேரத்தில் வேட்பாளரிடம் என்ன கேட்கலாம்?

மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் குழந்தைப்பேறு சிகிச்சை முழுமையாகக் கிடைக்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சுமக்கிற பெண்ணுக்கு இழப்பீடு தருவதற்கு ஆதரவா என்று கேளுங்கள். தனிப் பெண்ணைப் பற்றியும் கேளுங்கள். "அதெல்லாம் நம்ம கலாச்சாரம் இல்லம்மா" என்று சிரித்து மழுப்பினால், எந்தச் சட்டப் பிரிவு என்று திருப்பிக் கேளுங்கள்.

மையத்தில் ஏமாற்றினால் எங்கே போவது?

முதலில் மையத்தின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும். அங்கே எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். தமிழில் விளக்காமல் எந்தச் சம்மதப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பலனில்லை என்றால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். சட்ட உதவிக்கு ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் போதும். பில், ஸ்கேன் ரிப்போர்ட், ஊசிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். கணவரின் பெயரில் மட்டும் பில் போடுகிற இடங்களில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.